கத்திப்போடு அம்மிணி!

ஏன் அம்மிணி, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்குது? அப்புச்சி ரெண்டு நாள் ஒறம்பறையா வந்த எடத்துல உன்னையக் கைது பண்ணிப்போட்டாங்களாமே! அதுவும் பெங்களூரு பெல்லந்தூர்ல, பதினாலாவது மாடியில, கட்டில் மேல உக்காந்திருக்கறப்பவே. விலங்கும் இல்ல, ஜீப்பும் இல்ல. சவுரியமான கைதுதான். தண்ணி குடிக்க அஞ்சு நிமிசம் பர்மிசன் வேற வாங்கிட்டு வந்திருக்கற!

உம் பேர்ல ஒரு பார்சல் புடிபட்டுச்சு, உள்ள போதை மருந்துன்னு மும்பை போலீசு சொல்றானா? அப்புச்சிக்கு ஒரு துண்டு வாங்கி அனுப்புன்னா நேரமில்லைங்கற புள்ள, எப்பப் போயி பார்சல் கட்டுன?

கதவுச் சந்துல நானும் எட்டிப் பாத்தேன். உன்ற போன் வீடியோவுல காக்கிச்சட்டை, பின்னால செவுத்துல சிங்கமுத்திரை, எல்லாஞ்செரி. ஆனா நானும் வரப்புத் தகராறுல ஸ்டேஷன் படி ஏறி எறங்குனவன். நெச ஸ்டேஷன்னா வயர்லெஸ்ஸு கரகரங்கும், மூலையில எவனாச்சும் ஏச்சு வாங்குவான், டீக்காரப் பையன் குறுக்க வருவான். அங்க ஒரு எச்ச டம்ளர் கூட இல்லியே!

சிரிக்காத. படிச்சவங்களுக்கு இது நடக்காதுன்னும் நெனச்சுக்காத. இதே ஊர்ல, இந்திராநகர்ல, கம்ப்யூட்டர் வேலை பாத்த ஒரு அம்மா 2024ல இப்படித்தான் ஒரு போனை எடுத்தாங்க. மாசக்கணக்குல, 187 தடவையா, கிட்டத்தட்ட 32 கோடி போச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தான். 187 வாளி எறைச்சிருந்தா நம்ம வெங்காயப் பாத்தி நனைஞ்சிருக்கும். அவங்களை நான் முட்டாள்னு சொல்ல மாட்டேன். பயம் ஊட்டுக்குள்ள வந்தா படிப்பு பரண் மேல ஏறிக்கும்.

சூட்சுமம் எங்க இருக்குது தெரியுமா? "ஆருகிட்டயும் சொல்லாத, கதவைச் சாத்து, கேமராவை அணைக்காத"ங்கறான் பாரு, அங்க இருக்குது. நரி பட்டியில இருக்கற அத்தனை ஆட்டையுமா புடிக்குது? ஒண்ணை மட்டும் ஓரங்கட்டும். அந்த ஒண்ணு வாயத் தொறந்து கத்திப்போட்டா போதும், நாயும் வரும், நானும் தடியோட வருவேன். அப்பறம் ரிசர்வ் வங்கி சரிபாக்கோணும், பணத்தை அனுப்பு, திரும்பி வந்துரும்ங்கறான். கோழியை எண்ணிப் பாத்துட்டுத் தர்றேன்னு நரி கேட்ட கதைதான்.

இப்படிப் போன்லயே கைது பண்ற 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு ஒண்ணு நம்ம சட்டத்துலயே கெடையாது கண்ணு. 2024 அக்டோபர் 27ந் தேதி 'மனதின் குரல்'ல பிரதமரே அதைச் சொன்னாரு. அன்னிக்குப் போட்டுக் காட்டுன பேச்சும் இதே கர்நாடகாவுல இருக்கற விஜயபுராக்காரர் ஒருத்தருக்கு வந்ததுதான். 2025 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் இந்த மாதிரி கேசுகளை விசாரிக்கச் சொல்லி சிபிஐ கையில குடுத்துச்சு. உம் பேரு மட்டும் தனியா ஆப்புடலை, இது ஊரெல்லாம் ஓடற யாவாரம்.

இன்னும் பணம் போகலையே? நல்லதாப் போச்சு. போயிருந்தா அழுதுட்டு உக்காரப்படாது, ஒடனே சைபர் மோசடி உதவி நம்பரு 1930க்கு அடிக்கோணும். களவாண்ட பணம் ஒரு கணக்குல நிக்காது. வாய்க்காத் தண்ணியாட்டம் பத்துக் கணக்குக்குப் பிரிஞ்சு ஓடிரும். மடை ஒடஞ்சா, ஒடச்சவன் ஆருங்கறது அப்பறம். மொதல்ல மண்ணைப் போட்டு அடைக்கோணும். சீக்கிரம் சொன்னாத்தான் பேங்குக்காரன் அந்தப் பணத்தை நிறுத்தி வெக்க முடியும்.

எங்க, அந்த போனை இப்படிக் குடு. "ஏனுங் சாமி, நாந்தான் இந்தப் புள்ளையோட அப்புச்சி. ஊடு தெரியுமல்ல? வாரண்டை எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, டீ வெச்சுத் தர்றோம்."

பாத்தியா, வெச்சுப்போட்டான். நெசமான போலீசு போனை வெச்சுப்போட்டு ஓடாது அம்மிணி. வந்து கதவைத்தான் தட்டும்.