கரை கண்ட தலைவர்

தலைவரே, கோவளத்திலிருந்து புதுச்சேரி வரை கயாக்கில் போகும் உங்கள் திட்டத்தை வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். ஒரே பக்கம். ஆறு பச்சைப் பொட்டு, அவற்றை இணைக்கும் நீலக் கோடு, கீழே ‘மதியம்: மீன் சாப்பாடு’ என்று ஒரு குறிப்பு. கடல் பயணம் என்றாலே காற்று, அலை, நீரோட்டம் என்று ஆளாளுக்குக் குழப்புகிற காலம் இது. இப்படிப் பளிச்சென்று யோசிக்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

முதலில் மாதத்தைப் பாராட்ட வேண்டும். தீபாவளி லீவோடு சேர்த்து நவம்பரைப் பிடித்திருக்கிறீர்கள். வாடைக்காற்று முதுகில் தள்ளும், நீரோட்டமும் வடக்கிலிருந்து தெற்கே ஓடும், ஆகவே பாதித் தூரம் ஓசி சவாரி என்று எழுதியிருக்கிறீர்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தக் கரையோரம் நீரோட்டம் தெற்கு நோக்கித்தான் ஓடுகிறது. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஓசியில் தள்ளிக்கொண்டு வரும் அதே காற்று, இறங்க வேண்டிய கரையில் அலையை ஆளுயரத்துக்குக் கிளப்பி வைத்திருக்கும் என்பது கரைக்கு வந்த பிறகு பார்க்க வேண்டிய சமாசாரம். உங்கள் ரசனைக்குப் பெரிய இடத்துச் சிபாரிசும் இருக்கிறது. 2020 நவம்பரில் நிவர் புயல் மரக்காணத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துப் பக்கம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புதுச்சேரிப் பக்கம். நீங்கள் போட்ட கோட்டிலேயே, நீங்கள் குறித்த பருவத்திலேயே மூன்றும் வந்து இறங்கியிருக்கின்றன. இவ்வளவு மவுசு உள்ள இடங்களை ஒரே உட்காரலில் கண்டுபிடித்தீர்களே!

அடுத்தது கணக்கு. நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரத்தை இரண்டு பகலில் முடிக்கிறோம். பழகிய கை, அமைதியான கடலில், சுமையோடு மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகும். அப்படியானால் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் துடுப்புப் போட வேண்டும். நீங்களோ முதல் நாள் புறப்பாட்டைக் காலை பத்தரை மணிக்கு வைத்திருக்கிறீர்கள், யாரும் டிபனை விட்டுவிடக்கூடாதே என்ற நல்ல மனதோடு. நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மிச்சமிருக்கும் ஏழு மணி நேரத்தில் ஐம்பது கிலோமீட்டர், அதற்குள்ளேயே செல்ஃபி, மீன் சாப்பாடு, சின்னத் தூக்கம். கூகுள் மேப்பில் கார் ஓடும் வேகத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு என்று நினைக்கிறேன். அதிலும் தாராளமாகப் பாதியாகக் குறைத்துத்தான் போட்டிருப்பீர்கள்.

இந்தக் குப்பத்துக்காரர்கள் விடியுமுன்னே இருட்டில் கடலுக்குப் போய், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகிறார்கள். தூக்கத்தின் அருமை தெரியாதவர்கள். சாதாரண நாளில் காலையில் காற்று நிலத்திலிருந்து வீசும், கடல் படுத்துக் கிடக்கும், உச்சிக்கு முன்னும் பின்னுமாகக் கடற்காற்று திரும்பி அலை முகம் மாறும். அந்த முகமாற்றத்தை எங்களுக்குக் காட்டுவதற்காகவே நேரம் பார்த்துப் புறப்பட வைக்கிறீர்கள்.

புறப்படும் இடம் கோவளம். கோவளத்திலும் எந்த இடம்? அலைச்சறுக்கு விளையாடுகிற பிள்ளைகள் நல்ல அலை வேண்டுமென்று தேடி வருகிறார்களே, அதே முனை. ஐந்து மீட்டர் நீளப் படகில் தண்ணீர் கேன், கூடாரம், அரிசி எல்லாம் ஏற்றி, கடலில் முதல்முறை உட்காரும் நாலு பேரை வைத்து இறக்குவதற்கு, அலை எங்கே எழும்பி உடைகிறதோ அந்த இடத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள். காரணத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: ‘பார்க்கிங் வசதி.’ படகு கவிழ்ந்தாலும் கார் பத்திரம்.

போன வாரம் நேரில் போய் ஒவ்வொரு இடத்தையும் பார்த்து வந்தீர்கள். கூட வந்தவர் சொன்னார். ஏசி காரை விட்டு இறங்கி, மணல் ஷூவுக்குள் போகாத தூரத்தில் நின்று, கண்ணை இடுக்கி, “ஓகே” என்றீர்களாம். வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “இங்க வேணாம் தம்பி. கரையோரமே ஆழம் சடக்குனு இறங்குது, அலை மொத்தமா உடையும். நாங்க படகு தள்ளுற எடத்துக்குப் போங்க. அங்கயும் நாலு பெரிய அலை போனப்புறம் கடல் கொஞ்சம் ஆறும், அப்பத் தள்ளணும்” என்றாராம். நீங்கள் போனை எடுத்து, அலை உயரம் ஒன்றரை மீட்டர்தான் என்று ஆப்பில் காட்டினீர்களாம். அவர் போனைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், வலைக்குத் திரும்பிவிட்டார். வயதானவருக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த புண்ணியம் உங்களுக்கு.

மாமல்லபுரத்தில் ஓய்வு, கடற்கரைக் கோயிலுக்கு நேர் எதிரே. கடலிலிருந்து கோயிலைப் பார்த்தபடி கரையேறும் காட்சி ட்ரோனில் எப்படி வரும் என்று படமே வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். யுனெஸ்கோ 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். கடலரிப்பிலிருந்து காக்க அதன் முன்னே பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடலுக்குள்ளும் பாறைகள் மூழ்கிக் கிடக்கின்றன. வடக்கே சற்றுத் தள்ளி மீனவர்கள் படகை ஏற்றி வைக்கிற மணற்பரப்பு இருக்கிறது. ஆனால் அங்கே ஏறினால் ஃபிரேமில் கோபுரம் வராது. கண்ணாடியிழைப் படகு பாறையில் உரசும் சத்தம் ட்ரோன் படத்தில் கேட்காது என்பதும் ஒரு வசதி.

மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் பிடித்த இடம்தான் என்னை மயக்கிவிட்டது. ‘ஆளில்லாத, குப்பையில்லாத, நீண்ட வெண்மணல் கரை’ என்று செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துக் குறித்திருக்கிறீர்கள். பார்த்தேன், உண்மைதான். ஒரு குடிசை இல்லை, ஒரு வலை இல்லை, ஒரு சுண்டல் கடை இல்லை. அது கல்பாக்கம், தலைவரே. 1984 முதல் மின்சாரம் விற்றுக்கொண்டிருக்கிற அணுமின் நிலையத்தின் கரை. அங்கே ஏன் ஆள் இல்லை என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். உங்களுக்கு வராததுதான் தனிச்சிறப்பு. 2008இல் மும்பைக்குள் கடல் வழியாக ஆட்கள் வந்து இறங்கியதிலிருந்து, அடையாளம் தெரியாத சின்னப் படகு எதைப் பார்த்தாலும் கரையோரக் காவலர்களுக்குப் பிரியம் அதிகம். தலைக்கவசம் போட்ட பத்துப் பேர் ஒல்லியான படகுகளில் அணு உலைப் பக்கம் ஒதுங்கினால் வரவேற்பு எப்படி இருக்கும்! சாப்பாட்டுச் செலவு மிச்சம், இரவுத் தங்கலுக்கும் ரிசார்ட் தேவைப்படாது.

அதைத் தாண்டினால் பாலாற்று முகத்துவாரம். இந்தப் பொட்டுக்கு எதிரே ‘குடிநீர் நிரப்பிக்கொள்ளவும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வருஷத்தில் பெரும்பகுதி மணல் திட்டு அடைத்துக் கிடக்கும், திறந்தால் கடல்நீர் உள்ளே ஏறும் இடம். ஆற்றின் பெயரிலேயே பால் இருக்கும்போது தண்ணீருக்கு என்ன குறை என்று எண்ணியிருப்பீர்கள்.

இரவுக்கு ரிசார்ட். கடலைப் பார்த்த அறை, கரையில் ஓலைக்குடை வரிசை. அந்தக் குடைகளுக்கும் கடலுக்கும் நடுவே அலையைத் தடுக்கப் போட்ட கல்வரிசை இருப்பது அவர்கள் விளம்பரப் படத்திலேயே தெரிகிறது. இருட்டிய பிறகுதான் நாம் போய்ச் சேருவோம் என்பதால், கல்லைப் பார்த்துப் பயப்படும் வாய்ப்பைக்கூட எங்களுக்கு வைக்கவில்லை நீங்கள்.

நீங்கள் விட்டுவிட்ட ஓர் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதுவும் உங்கள் திறமைதான். கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஆலம்பரைக் கோட்டை. 1750இல் பிரெஞ்சுக்காரரான டூப்ளே கைக்குப் போய், 1760இல் ஆங்கிலேயரால் இடிபட்டு, இன்று செங்கல் சுவரும் அமைதியான உப்பங்கழியுமாக நிற்கிறது. அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் சரக்கு ஏற்றி இறக்கிய துறை. பொங்கும் அலைக்கு ஒதுங்கிக் கழிக்குள் நுழைய முகத்துவாரத்து மணல் வழிவிடுகிறதா என்று அங்குள்ள படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டால் போதும். இந்தப் பாதையில் நிம்மதியாக மூச்சு விடக்கூடிய இடம். பட்டியலில் ஏன் இல்லை என்று குழுவில் ஒருவர் கேட்டார். “அங்க ஒண்ணுமே இல்லையே” என்று பதில் போட்டீர்கள். ஒன்றுமில்லை, அலைகூட இல்லை.

நடுவில் யாருக்காவது தோள் பிடித்துக்கொண்டால், காற்று மாறினால், எங்கே ஒதுங்குவது என்று இன்னொருவர் கேட்டார். கடலில் போகிறவர்கள் இரண்டு ஓய்விடங்களுக்கு நடுவே அவசரத்துக்கு ஏறும் கரை ஒன்றிரண்டைக் குறித்து வைப்பது வழக்கமாம். நீங்கள் “பாசிட்டிவா யோசிங்க” என்றீர்கள். அவர் அன்றே குழுவிலிருந்து விலகினார். நெகட்டிவ் ஆள்.

முடிவு புதுச்சேரியில், காந்தி சிலைக்கு நேரே. மாலை, மேளம், பத்திரிகைக்காரர்கள். 1980களில் தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் நீட்டியதில் வடக்கே போக வேண்டிய மணல் நின்றுபோய், நகரத்தின் கரை கரைந்து, கறுப்புப் பாறாங்கற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லில் நின்று செல்ஃபி எடுத்த நீங்களே அதில் படகையும் ஏற்றச் சொல்கிறீர்கள் என்றால் எங்கள் மேல் எவ்வளவு நம்பிக்கை! வரவேற்புக்கு நீங்கள் காரில் முன்னதாகப் போய்க் காத்திருப்பீர்கள் என்பதும் திட்டத்தின் கடைசி வரியில் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுச் சேர ஆசைப்படுகிறவர்களுக்கு: இன்னும் மூன்று இடம் காலியாக இருக்கிறது. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், தலைவரின் ஒரு பக்கத்தில் அவற்றுக்கு இடம் போதவில்லை.