தூர் சிரிக்குது மருமவனே

வா மருமவனே, வேப்பமர நிழலுக்கு வந்து உக்காரு. உங்க பெங்களூர் மாதிரி நிழலுக்கு இங்க வாடகை கேட்க மாட்டாக. கையைக் காட்டு பாப்போம். அடேயப்பா, மூணு கொப்புளம்! கம்ப்யூட்டர் தட்டுன கை, விடிஞ்சதுல இருந்து கோடாலியைப் பிடிச்சா வேற என்ன செய்யும்? வெளக்கெண்ணெய் தடவிக்க.

கொய்யா வைக்கப்போறேன், மாதுளை வைக்கப்போறேன்னு அப்பன் விட்டுட்டுப் போன ஒன்றரை ஏக்கர் பிஞ்சையைத் தேடி வந்தது சந்தோசம். வந்ததும் வேலிக்கருவையை எல்லாம் முழங்கால் உசரத்துல வெட்டிப்புட்டு, 'சுத்தம் பண்ணிட்டேன் மாமா'ன்னு போட்டோ அனுப்புனே பாரு, அதை ஊரே பார்த்துச்சு. ஐப்பசியில ரெண்டு மழை விழுந்துச்சு. ஒரு மரம் நின்ன இடத்துல இப்ப ஒம்பது கம்பு நிக்குது. நீ மரத்தை வெட்டல மருமவனே, அதுக்கு முடி வெட்டிவிட்டிருக்கே.

என்ன கேட்டே? தூர்ல பழைய வெட்டுத் தழும்பு நாலஞ்சு தெரியுதா, யாரு வெட்டினதுன்னா? அது கெடக்கட்டும், பெறகு சொல்றேன்.

முதல்ல உன் யோசனையைப் பேசுவோம். 'சிவகாசி கூப்பிடு தூரத்துல இருக்கு, ஒரு வெடியை வச்சுத் தூரைத் தூக்கிருவோமா மாமா'ன்னியே! இது உன் மூளையில மட்டும் உதிச்சதுன்னு நெனச்சுக்காத. அமெரிக்காவுல டூபாண்ட் கம்பெனிக்காரன், டைனமைட்டை வச்சு வெவசாயம் பண்ணுங்கன்னு 1910-லயே சம்சாரிகளுக்குப் புத்தகம் போட்டான். தூரைப் பேர்க்க வெடி, குழி தோண்ட வெடி, கன்னு நடவும் வெடி. அவன் சரக்கு விக்கணும்ல? இங்க 1884-ல வந்த வெடிபொருள் சட்டம் இன்னும் உசுரோட இருக்கு. வெள்ளைக்காரன் போயிட்டான், அது போகல. அதைவிட, பட்டாசு ஆபீஸ்ல வேலை பார்த்த எந்த வீட்டையும் கேட்டுப் பாரு. மருந்துக்கு மாமன் மச்சான் கெடையாதும்பாக. தூர் போச்சோ இல்லையோ, நீ போயிருவே. தீபாவளிக்கு வாங்குறதோட நிப்பாட்டிக்க.

அடுத்து, தூர்ல தொளை போட்டுப் பொடி ஊத்தினா மக்கிரும்னு வீடியோவுல பார்த்தியாம். அந்தச் சீமைப் பொடி என்னன்னு நெனச்சே? பெரும்பாலும் பொட்டாசியம் நைட்ரேட்டு. நம்ம சிவகாசிக்காரன் காலங்காலமாப் பொழங்குற வெடியுப்பு! செத்த கட்டையில ஈரமும் இருந்தா, பூஞ்சைக்கு அது தீனியாகி, மாசக்கணக்குல மெல்ல மக்கும். உசுரோட இருக்கிற தூருக்கு அதை வச்சா என்ன ஆகும் தெரியுமா? உரக்கடையில 13-0-45-ன்னு மூட்டையில விக்கிறானே, அதுவும் இதே சரக்குதான். கருவைக்கு நீ உரம் வைக்கப் போறே, நான் தண்ணி ஊத்தட்டுமா?

பெருங்காயம் வச்சா பட்டுப்போகும்னு உங்க அத்தை சொன்னாளா? அவ சாம்பாருக்கே அதைக் கண்ணுல காட்ட மாட்டா.

இந்தக் கருவையைச் சாதாரணமா நெனைக்காத. மெக்சிகோ, கரீபியன் பக்கத்துச் சரக்கு. 1877-ல கடப்பைப் பக்கம் கமலாபுரத்துல விதை போட்டதாச் சொல்றாக. விறகுக்குன்னு வந்தது, கம்மாயையும் சேர்த்து எழுதி வாங்கிக்கிடுச்சு. நம்ம சிவகாசி எம்.பி.யா ரெண்டு தடவை இருந்த வைகோ கோர்ட்டுக்குப் போனாரு. 2017-ல ஹைகோர்ட்டு மதுரைக்கிளை, 13 மாவட்டத்துலயும் பிடுங்குங்கன்னு உத்தரவு போட்டுச்சு. ஊருக்கு ஊரு ஜேசிபி, ஊருக்கு ஊரு போட்டோ. அந்த வருசமே சென்னையில இடைக்காலத் தடையும் வந்துச்சு. 2022-ல அரசாங்கம் அந்நியச் செடிக்குன்னே ஒரு கொள்கை போட்டுச்சு. எல்லாத்தையும் மனுசன் படிச்சான். தூருக்குத்தான் எழுத்து வாசனை இல்ல. தரைக்கு மேல வெட்டுன எடமெல்லாம் அடுத்த மழைக்குத் திரும்ப வந்துருச்சு.

சரி, மொகத்தைத் தூக்காத. வித்தையைச் சொல்றேன், காதுல வாங்கிக்க.

காலம் பார்த்து எறங்கு. கோடையில நம்ம கரிசல் வெடிப்பு விட்டுப் பாறையாக் கெடக்கும். அடைமழையில மம்பட்டியில அப்பிக்கிட்டு விடாது. மழை விட்டு பத்து நாள் கழிச்சு, மண்ணு பதமா இருக்கையில போ. மரத்தை முழங்காலுக்கு வெட்டாத, இடுப்பு உசரம் விட்டு வெட்டு. அந்தக் கட்டைதான் உனக்கு நெம்புகோல், கயிறு போட்டு இழுக்கப் பிடி. நீ அந்தப் பிடியைத்தான் மொதல்ல வெட்டி அடுப்புக்குப் போட்டே.

அப்புறம் தூரைச் சுத்தி ஒரு முழ அகலத்துக்குப் பறி. பக்கவேரை ஒண்ணொண்ணா அறு. தளிர் விடுற கண்ணெல்லாம் மண்ணுக்குக் கொஞ்சம் கீழ, கழுத்துலதான் இருக்கு. ஒரு அடிக்குக் கீழ அறுத்துக் கழுத்தோட வெளிய எடுத்துட்டேன்னா கதை முடிஞ்சுது. அதுக்குக் கீழ கெடக்கிற ஆணிவேரைத் தேடிப் பாதாளத்துக்குப் போகாத. அது தானா மக்கும். பனைக்கு இந்தப் பாடே கெடையாது, தலையைச் சாய்ச்சா திரும்ப மொளைக்காது. நல்லதுக்கு ஆயுசு ஒண்ணுதான்.

ஜேசிபி வச்சா அஞ்சு நிமிசத்துல பேர்த்துரும். கூடவே அடியில கெடக்கிற சுக்கான் மண்ணையும் மேல கொண்டாந்து போட்டுட்டுப் போயிரும். நீ வைக்கிற கன்னு அதைப் பார்த்து மொகம் சுளிக்கும். ஜேசிபியைக் கூப்பிட்டா, மேல்மண்ணைத் தனியா ஒதுக்கச் சொல்லிட்டு, பக்கத்துலயே நில்லு.

இன்னொண்ணு. உரத்துக்குன்னு ஆட்டுக்கிடை போடாத, போட்டேன்னா அடுத்த மழைக்குக் குனிஞ்சு பாரு. கருவைக்காயைத் தின்ன ஆடு, புழுக்கையோட விதையையும் விதைச்சிட்டுப் போயிருக்கும். உரமும் எலவசம், கருவையும் எலவசம். விரல் நீளத்துல இருக்கையில பிடுங்கினா ரெண்டு விரல் போதும். ஒரு வருசம் விட்டா, என்னைத் தேடி வருவே.

பேர்த்த தூரைத் தூக்கிப் போட்டுறாத. கரிமூட்டத்துக்காரன் அதுக்குத்தான் காத்துக் கெடக்கான். கம்புக்கரியை விடத் தூர்க்கரி கெட்டி, நின்னு எரியும்.

என்ன, அந்தத் தழும்பா? மறக்க மாட்டியே! உங்கப்பன் போன பெறகு பன்னெண்டு வருசமா உன் பிஞ்சையைக் கண்ணும் கருத்துமாப் பார்த்துக்கிட்டது யாரு? மூணு வருசத்துக்கு ஒருக்கா வெட்டி மூட்டம் போட்டது யாரு? உன் மாமன்தான். தூரை ஏன் விட்டு வச்சேன்னு கேக்குறியே, கறக்கிற மாட்டோட மடியை எவனாச்சும் அறுப்பானா?

இப்ப நீ தோட்டம் போடப்போறே, என் கறவை நிக்கப்போகுது. அதனால, தூரெல்லாம் பேர்த்து முடிச்சதும் நம்ம வீட்டு வாசல்ல கொண்டாந்து போட்ரு. வித்தை சொன்ன கூலி.