கார்த்திக்குக்கு மாலை, மோகனுக்குப் பால் பாக்கெட்

மாப்ள, பெரியவன் சொல்றேன்னு கோவிச்சுக்கப்படாது. கண்ணுல புரை எடுத்துட்டு உங்க வீட்டுல வந்து படுத்ததுல இருந்து நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். டாக்டரு கருப்புக் கண்ணாடிய மாட்டிவிட்டு, டிவி பக்கம் கொஞ்ச நாளைக்குத் திரும்பாதீங்கன்னாரு. காதப் பொத்திக்கிடச் சொல்லல. அதனால, ராத்திரி சாப்பாட்டுக்கு மேல இந்தக் கூடத்துல ரெண்டு படம் ஓடுறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஒண்ணு செவுத்துல ஓடுது, இன்னொண்ணு சோபாவுல ஓடுது. சொல்லக் கூடாது, சோபாவுலதான் வசனம் நல்லாருக்கு.

அன்னைக்கு மௌன ராகம் போட்டீக. 1986ல வந்த படம், நீங்க ரெண்டு பேரும் அப்பப் பொறக்கவே இல்ல. எம் பேத்தி ஆசையா, "மோகன் மாதிரி ஒரு புருசன் கெடைச்சாப் போதும்"னு சொன்னா. நீங்க சும்மா இருந்திருக்கலாம். இருந்தீகளா? "கார்த்திக் வர்ற எடம்தான் படத்துலயே டாப்பு"ன்னீக. அதோட படம் அப்புடியே நின்னுபோச்சு. அரமணி நேரத்துக்கு மணிரத்னம் எடுக்காத சீனெல்லாம் ஓடுச்சு.

கார்த்திக்கு எதுக்கு அம்புட்டு நல்லாருக்கான்னு யோசிச்சீகளா? கொஞ்ச நேரந்தான் வர்றான். காப்பிக் கடையில வச்சு அந்தப் புள்ளையோட அப்பனப் பேரு சொல்லிக் கூப்புடுறான், சிரிக்க வைக்கிறான், குண்டடி பட்டுச் செத்துப்போறான். ஒரு நா கேஸ் சிலிண்டரத் தூக்கியிருப்பானா? தலைத் தீவாளிக்கு மாமனார் வீட்டுல உக்காந்து அதே பலகாரத்த மூணு நாளைக்குத் தின்னுருப்பானா? மோகன் பாவம். என்ன வேணும் கேளுன்னு பொண்டாட்டிகிட்ட ஆசையாக் கேட்டான், அவ விவாகரத்து வேணும்னுட்டா. கல்யாணமாகி ஒரு வருசமாவது ஆகணும்னு சட்டம் சொல்லுது. டெல்லியில ஒரே வீட்டுல அவ மூஞ்சிய இவனும் இவன் மூஞ்சிய அவளும் பாத்துக்கிட்டுக் கெடக்கணும். செத்தவனுக்கு மாலை, இருக்கவனுக்குப் பால் பாக்கெட். காலையில ஆறு மணிக்கு லுங்கியோட கேட்டுல நிக்கிற நீங்க எந்தக் கட்சின்னு தெருவுக்கே தெரியும். அப்புறம் எதுக்குக் கார்த்திக்குக்குக் கொடி பிடிக்கிறீக?

ஆத்தா, நீ சிரிக்காத. மோகன் மாதிரி வேணும்ங்கிறியே, அந்த ஆளு மொத்தப் படத்துலயும் எத்தன வார்த்த பேசியிருப்பான்? அப்புடி வாயத் தொறக்காத மனுசன் ஒனக்கு வாய்ச்சிருந்தா, மூணாம் நாளே "தாத்தா, இவரு பேசவே மாட்டேங்குறாரு"ன்னு எனக்குப் போன் போட்டு அழுதிருப்ப.

எங்க காலத்துல இந்தத் தொல்லையே கெடையாது. நான் டூரிங் டாக்கீஸுல டிக்கெட் கிழிச்சவன்ங்கிறது ஊருக்கே தெரியும். கீத்துக் கொட்டாய்க்கு நடுவுல ஒரு தட்டி அடிச்சிருப்பாக. இந்தப் பக்கம் ஆம்பள, அந்தப் பக்கம் பொம்பள. மணலக் குமிச்சு அதும்மேல ஏறி உக்காந்தா, பின்னால இருக்கவன் வைவான். இருக்கது ஒரே மிசினு. ரீலு மாத்த மாத்த வெளக்கு எரியும், முறுக்குக்காரன் வருவான், பீடிப் பொகை கெளம்பும். வெளிச்சம் போனாத்தான் படம் தெரியுங்கிறதால பகல் ஆட்டமும் கெடையாது. புருசன் அழுதத பொண்டாட்டி பாத்ததில்ல, பொண்டாட்டி யாரப் பாத்து வாயப் பொளந்தான்னு புருசனுக்குத் தெரியாது. கடேசி ஆட்டம் விட்டு, தூங்குற புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு வரப்புல நடந்து வரும்போதுதான் அபிப்பிராயமே. "எப்புடி இருந்துச்சு?" "ம்." "சாவித்திரி நல்லா அழுதுச்சு." "ம், பாம்பு கெடக்கும், கீழ பாத்து நட." விமர்சனம் முடிஞ்சுபோச்சு. அந்தத் தட்டியப் போட்டவன் பெரிய ஞானஸ்தன் மாப்ள. உங்க சோபாவுக்கு நடுவுலயும் ஒண்ணு அடிச்சுக் குடுக்கவா?

டெக்கு வந்தப்பத்தான் தட்டி போச்சு. டிவியும் டெக்கும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்தா, விடியிறதுக்குள்ள மூணு படமாவது பாத்தாத்தான் காசு செரிக்கும். அப்புடித்தான் முந்தானை முடிச்சப் பாத்தோம். பாக்யராஜு 1983ல எடுத்த அந்தப் படத்தால, சந்தையில முருங்கக்காய் வாங்குன ஆம்பள எல்லாம் பைய மூடித் தூக்கிட்டு வர வேண்டியதாப் போச்சு. நாங்க அதுக்கே சிரிச்சுக்கிட்டு இருந்தோம். வாத்தியாரக் கட்டிக்கிறதுக்காக ஊர்வசி அந்தக் கைப்புள்ளையத் தாண்டிப் பொய்ச் சத்தியம் பண்ணுமே, அந்த எடத்துல உங்க பாட்டி மட்டும் சிரிக்கல. "பண்ணுனது பாவந்தான். வேற வழி என்ன இருக்கு அந்தச் சிறுக்கிக்கு"ன்னா. நானும் எத்தனையோ பேரு சொல்லக் கேட்டிருக்கேன், அந்தப் படத்துக்கு இத விட ஒரு நல்ல அபிப்பிராயம் காதுல விழல. ஆனா அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? "ஒனக்கு என்ன தெரியும், பேசாமப் பாரு"ன்னேன். மறுநா எனக்கு முருங்கக்காய் இல்லாத சாம்பாரு.

போன வாரம் முதல் மரியாதை ஓடுச்சா? ராதா கையால சிவாஜி மீன் கொழம்பு சாப்புடுற எடம் வந்துச்சா? மாப்ள, அங்க "ஆகா"ன்னு ஒரு சத்தம் விட்டீக பாருங்க. எனக்குக் கேட்டுச்சு. அவளுக்கும் கேட்டுச்சு. மறுநா மத்தியானம் நம்ம வீட்டுலயும் மீன் கொழம்பு வந்துச்சு. உப்பு இல்ல. தாத்தனுக்குன்னு தனியாவா வைப்பா? பாரதிராசா 1985ல எடுத்த படத்துக்கு நான் இன்னைக்கு அவராதம் கட்டுறேன். இனிமே அந்த எடம் வந்தா தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போயிருங்க. போக மனசில்லாட்டி வடிவுக்கரசி நடிப்பப் பத்திச் சொல்லுங்க. பொய்யும் இல்ல, அந்தம்மா பொன்னாத்தாளா வாயத் தொறந்த ஒடனே, கருப்புக் கண்ணாடியோட கெடந்த எனக்கே ஆளு கண்ணு முன்னால வந்து நின்னா. ஊரு பூராம் சிவாஜியோட மலைச்சாமிக்குத்தான் உச்சுக் கொட்டுது, பொன்னாத்தாளுக்காக ஒரு பய பேச மாட்டான். பேசிப் பாருங்க, மீனு தானா வரும். எனக்கு மலைச்சாமியத்தான் பிடிக்கும். அது உங்க பாட்டிக்குத் தெரியாது.

சண்டைக்குப் பயந்து சாமி படம் போடலாம்னு நெனைக்காதீக. திருவிளையாடல்ல சிவனுக்கும் பார்வதிக்கும் என்ன தகராறு? பொண்டாட்டி அவ அப்பன் வீட்டு யாகத்துக்குப் போறதுதான் தகராறு. அடுத்த மாசம் உங்க மச்சினன் வீடு பால் காய்ச்சுறான். இப்பப் போய் அதப் போட்டுக்கிட்டு.

எனக்கு நெசமாவே கோவம் வந்தது கடைசி விவசாயி அன்னைக்குத்தான். என்னடா இது, பெரியவரு பேச்சு எலி கத்துற மாதிரி இருக்கேன்னு கேட்டா, "ஒன்றரை வேகத்துல வச்சிருக்கேன் தாத்தா, படம் ரொம்ப மெதுவாப் போகுது"ன்னீக. குலசாமிக்குப் படைக்க நெல்லு வேணும்னு வெதைச்சுட்டு, செத்த மயிலப் பொதைச்ச பாவத்துக்குக் கேசுல மாட்டிக்கிட்ட ஒரு கிழவன் கதை. அவருக்குக் காது வேற மந்தம். அந்தக் கிழவனா நடிச்ச நல்லாண்டி உசிலம்பட்டிப் பக்கத்துச் சம்சாரி. டைரக்டரு மணிகண்டன் கூட்டிட்டு வந்து நடிக்க வச்சாரு. 2022ல படம் வெளிய வர்றப்ப அவரு உசுரோட இல்ல, தேசிய விருதுல சிறப்புக் குறிப்பு அதுக்கப்புறந்தான் வந்துச்சு. அப்புடிப்பட்ட மனுசன் நடைய ஓட்டமா மாத்திட்டீகளே! நெல்லு ஒன்றரை வேகத்துல வெளையுமா மாப்ள? அன்னைக்கு நாலு தடவ மூக்க உறிஞ்சுனது பேத்தி. நீங்க பத்துக்கு ஆறுன்னு மார்க்குப் போட்டீக. அவ பதிலே பேசாம வெளக்க அணைச்சுட்டுப் போனா பாத்தீகளா, அது உங்களுக்குப் போட்ட மார்க்கு.

ஒனக்கும் இருக்கு ஆத்தா. பாதிப் படத்துல போனத் தடவி, இவரு வயசு என்ன, இந்தம்மா யாரக் கட்டிக்கிச்சு, முடிவுல யாரு சாவாகன்னு பூராத்தையும் வாசிச்சுச் சொல்லிட்டு, அப்புறம் "படத்துல சஸ்பென்ஸே இல்ல"ங்கிற. முடிச்ச அவுத்தவளே முடிச்சு எங்கன்னு கேட்டா எப்புடி? அதுலயும் என்ன படம் போடலாம்னு ரெண்டு பேரும் தேடுற தேட்டம் இருக்கே, அதுக்குள்ள எங்க கொட்டாயில நியூஸ் ரீலு முடிஞ்சு ரெண்டு பாட்டே வந்திருக்கும். நேத்து தேடியே தூங்கிப்போனீக. சத்தியமாச் சொல்றேன், சண்டை சச்சரவு இல்லாமப் போன ஒரே ராத்திரி அதுதான்.

இன்னைக்கு நான் சொல்றதப் போடுங்க. காதலிக்க நேரமில்லை. ஸ்ரீதரு 1964ல எடுத்தது. நாகேசு பாலையாவ உக்கார வச்சுப் பேய்க் கதை சொல்றதுக்குப் படமே வேணாம், சத்தம் போதும், பாலையா பயப்படுறது காதுலயே தெரியும். அதுல உங்களுக்கு அபிப்பிராயம் சொல்ல ஒண்ணும் கெடையாது, சிரிச்சாப் போதும். யாரு மொதல்ல சிரிச்சதுன்னு மட்டும் தகராறு பண்ணாதீக.

ஆத்தா, அதுக்கு முன்னால மாப்ளைக்கு ஒரு காப்பி போடு. வேணாம் வேணாம், நீ உக்காரு. மாப்ள, நீங்களே போட்டுக்கிட்டு வாங்க, எனக்குச் சீனி கம்மியா. இவ மோகன இன்னும் மறக்கல.