எச்சிலில் எழுதிய ஜாதகம்

கேள்வி: எச்சில் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்தேன். கச்சாத் தரவுக் கோப்பும் வந்துவிட்டது. என் உடம்பில் என்னென்ன நோய் ஒளிந்திருக்கிறது என்று நானே தேடலாமா?
– வாசகர், பழவங்காடி, திருவனந்தபுரம்

பதில்: பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத் தேடுங்கள். பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் அதற்கா பஞ்சம்?

அமெரிக்காவின் ஆம்ப்ரி ஜெனடிக்ஸ் ஆய்வகம், 49 பேர் இப்படிக் கொண்டுவந்த கோப்புகளில் இருந்த மரபணு மாற்றங்களை மறுசோதனை செய்து, 2018-இல் முடிவை வெளியிட்டது. அவற்றில் 40 சதவீதம் உடம்பில் இல்லவே இல்லை, கோப்பில் மட்டுமே இருந்தன! அதற்குள் எத்தனை பேர் தூக்கம் தொலைத்தார்களோ.

கேள்வி: கோப்பில் கோளாறே இல்லையென்றால் தப்பித்தேன் அல்லவா?

பதில்: யார் சொன்னது? 2018-இல் '23 அண்ட் மீ' நிறுவனத்துக்கு அமெரிக்க அரசு அனுமதித்த மார்பகப் புற்றுநோய் மரபணுச் சோதனை, மூன்றே மூன்று மாற்றங்களைத்தான் பார்த்தது. மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. தெரிந்த மாற்றங்களோ ஆயிரத்துக்கும் மேல்.

நம் பக்கத்துச் சங்கதி வேறு. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 டி.என்.ஏ. எழுத்துகள் விடுபட்டுப் போனால் இதயம் பலவீனமாகும் அபாயம் கூடுகிறது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது இருப்பதாக, ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு மையத்தின் தங்கராஜ் உள்ளிட்ட குழு 2009-இல் கண்டறிந்தது. இத்தகைய எச்சில் சோதனைகளில் பயன்படும், பெரும்பாலும் ஒற்றை எழுத்து மாற்றங்களையே தேடும் சிப்பில் இது சிக்காமலும் போகலாம்.

எனவே கோப்பில் எதைக் கண்டாலும் மருத்துவ ஆய்வகத்தில் மறுசோதனை செய்யுங்கள். மருத்துவரிடம் போகும்போது, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று எழுதிக்கொண்டு போங்கள். அதற்குக் கட்டணமும் கிடையாது.