கழுத்தில் குத்திய வருடம்

உடப்பில் கடல் வேலை என்றால் கரைவலைதான். பாடு வளைப்பதும், அம்பா பாடி இழுப்பதும், பட்ட மீனைப் பங்கு வைப்பதும் எங்கள் சனத்துக்குக் கைவந்தது. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கும் தொழில் பிறகு வந்தது. சங்குக்கும் கடலட்டைக்கும் என்று கற்பிட்டிப் பக்கம் போன சிலர் அதைப் பழகினார்கள். அவர்களில் என் மாமாவும் ஒருவர். அவரிடம் இருந்தது இரும்புச் சிலிண்டர். கொழும்பில் யாரிடமோ வாங்கும்போதே பழசு.

இலங்கைக் கடலுக்கு இந்தச் சாமான் வந்து வெகுகாலம். 1956இல் இங்கே குடியேறிய ஆர்தர் சி. கிளார்க் சுழியோடும் ஆசையில்தான் வந்தார். அவருடைய கூட்டாளி மைக் வில்சன் 1961இல் தென்கரையில் கிரேட் பாசஸ் பாறையருகே மூழ்கிக் கிடந்த கப்பலைக் கண்டார். அதில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி நாணயங்கள் கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தன. அந்தத் தலைமுறை முதுகில் சுமந்த இரும்புச் சிலிண்டர்களில் பலவற்றுக்கு இன்றும் உலகத்தில் காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஈரம் போகாமல் பார்த்துக்கொண்டால் இரும்பு மனிதரை விட நீண்டகாலம் உழைக்கும்.

மாமா காற்று அடித்த இடம் தென்னந்தோட்டத்து ஓரத்தில் ஒரு தகரக் கொட்டில். டீசல் எஞ்சினில் ஓடும் கொம்ப்ரசர், பக்கத்தில் தண்ணீர் நிரப்பிய பீப்பாய். காற்று ஏற ஏறச் சிலிண்டர் சுடும் என்பதால் அதைத் தண்ணீருக்குள் நிறுத்தி அடிப்பார்கள். வால்வ் கசிகிறதா என்று எச்சிலைத் தொட்டு வைத்துப் பார்ப்பான் அங்கே வேலை செய்த பையன். சோதனை அவ்வளவுதான். சிலிண்டரின் வயதை ஒருவரும் கேட்டதில்லை.

இன்று மாமாவின் மகன் அதே கற்பிட்டியில் வெள்ளைக்காரரைப் பவளப்பாறை காட்டக் கூட்டிப்போகிறான். ஒரு நாள் அப்பாவின் சிலிண்டரை ஒரு டைவிங் கடைக்கு எடுத்துப் போனபோது நானும் கூடப் போனேன். “தம்பி, இவ்வளவு பழசுக்கு நாங்க காத்து அடிக்கிறதில்ல” என்றார் அங்கிருந்தவர். அதைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் ஓர் அலுமினியச் சிலிண்டருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. புது மஞ்சள் பெயின்ட் கழுத்து வரைக்கும் தடிப்பாகப் பூசியிருந்தது. அதன் அடியில் எந்த வருடம் குத்தியிருக்கிறது என்று யாரும் சுரண்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அவர் பயப்படுவது நியாயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கார் டயரில் இருப்பதைப் போல நூறு மடங்கு அழுத்தம் இதற்குள் ஏறுகிறது. வெடிப்பதென்றால் பெரும்பாலும் காற்று அடிக்கும்போதுதான் வெடிக்கும். அப்போது பக்கத்தில் நிற்பவர் சுழியோடி அல்ல, கடையில் வேலை செய்பவர். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் எதைப் பார்த்து வேண்டாம் என்கிறார் என்பதுதான் என் கேள்வி.

உலகம் முழுவதும் கடைக்காரரைப் பயமுறுத்தியது 6351 என்ற அலுமினியக் கலவை. அமெரிக்காவில் 1980களின் இறுதி வரை அதில் சிலிண்டர் செய்தார்கள். வேறு நாடுகளில் 1990களிலும் செய்தார்கள். உள்ளே அழுத்தம் நின்றுகொண்டே இருந்தால் அந்த உலோகத்தில் மெல்ல மெல்ல வெடிப்பு வளரும். வால்வ் திருகும் கழுத்துப் புரியிலும் தோளிலும் அது வரும், வெளியே தெரியாது. செய்த பெருந்தொகையில் வெடித்துச் சிதறியவை மிகச் சில. வெடித்த இடத்தில் நின்றவர் கையை இழந்தார், காலை இழந்தார், உயிரையும் இழந்தார்.

சாதாரணமாகச் செய்யும் நீர்ச் சோதனை வேறு. சிலிண்டரில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்ட ஏற்றி, அது எவ்வளவு விரிகிறது, விட்டதும் எவ்வளவு சுருங்குகிறது என்று அளப்பார்கள். சுவர் தளர்ந்திருந்தால் அதில் தெரிந்துவிடும். கழுத்தில் மயிரிழை போல ஓடும் வெடிப்பு தப்பிவிடலாம். அதனால்தான் அமெரிக்கா 2007 முதல் இந்தக் கலவைச் சிலிண்டருக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கழுத்துப் புரியை மின்சுழல் கருவியால் பார்க்க வேண்டும் என்று சட்டமே போட்டது.

ஆகவே ஒரே வயதுள்ள இரண்டு சிலிண்டர் ஒரே ஆபத்து அல்ல. 1970இல் செய்த இரும்பு சுத்தமாக இருக்கலாம். அதற்குப் பிறகு செய்த அலுமினியம் கழுத்தறுந்து நிற்கலாம். இரும்புக்கும் தனி நோய் உண்டு. உள்ளே உப்புத்தண்ணீர் தங்கினால் துருப்பிடிக்கும், அந்தத் துரு அடைத்த காற்றிலுள்ள ஒட்சிசனையே தின்றுவிடும். வால்வைக் கழற்றி, சின்ன பல்பை உள்ளே இறக்கிப் பார்த்தால் துரு கண்ணுக்குத் தெரியும். பெயின்ட்டைச் சுரண்டினால் செய்த மாதமும் வருடமும், சோதித்த மாதமும் வருடமும் விரலுக்கே தட்டுப்படும். எந்தக் கலவை என்று தெரியாத பழைய அலுமினியத்தை, கழுத்தைப் பார்க்கும் கருவி இல்லாத கடை திருப்பி அனுப்பட்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இரும்பை வயது சொல்லித் தள்ளாமல் சோதனைச் சீட்டைக் கேட்கட்டும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், கடை தள்ளிய சிலிண்டர் சாவதில்லை. கைமாறி, விலை குறைந்து, கடைசியில் இராத்திரியில் அட்டைக்கு இறங்கும் பொடியன்களிடம் போய்ச் சேருகிறது. கடற்படை அவர்களைப் பிடித்ததாகப் பேப்பரில் படம் வரும்போது, முன்னால் வரிசையாக அடுக்கிய சிலிண்டர்களைப் பார்த்திருக்கிறேன். பெயின்ட் உரிந்து, வால்வ் வளைந்து கிடக்கும். அவற்றுக்கும் ஏதோ ஒரு தகரக் கொட்டிலில் ஒரு பையன்தான் காற்று அடித்திருப்பான். சங்குக்கும் அட்டைக்கும் அனுமதி கொடுக்கும் கடற்றொழில் திணைக்களம், அனுமதி எழுதும்போதே சிலிண்டரின் கழுத்தையும் பார்த்து எழுத வேண்டும். சோதனைக்கான செலவை ஏழைச் சுழியோடி தலையில் முழுதாகக் கட்டக்கூடாது. தோற்ற சிலிண்டரைத் திருப்பிக் கொடுக்காமல் உடையவர் கண் முன்னாலேயே கழுத்துப் புரியை அறுத்து, பழைய இரும்பு விலையை அவர் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.