ஒரு வினைச்சொல்லின் தீவாந்தர வாசம்

கேள்வி: 'ஹீ வாஸ் டிரான்ஸ்போர்ட்டட்' என்றால் அவன் பரவசமடைந்தான் என்கிறது அகராதி, எங்கள் ஊர்ச் சிறையின் பழைய ஏடுகளில் அதற்கு வேறு அர்த்தமாயிற்றே?
— ஒரு வாசகர், போர்ட் பிளேர்

பதில்: இரண்டும் மெய்யே. 'வித் ஜாய்' என்று தொடர்ந்தால் பரவசம். 'ஃபார் லைஃப்' என்று தொடர்ந்தால் தீவாந்தர சிட்சை. 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளுடன் உங்கள் கரையில் வந்திறங்கிய நாள்தொட்டு, விலங்கு பூட்டப்பட்டுக் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவனை எழுவாய் என்னும் சிம்மாசனத்தில் ஏற்றிவைத்து, அவனைக் கடத்திய சர்க்காரின் பெயரை வாக்கியத்தில் எங்கு தேடினும் அகப்படாமற் செய்த சாமர்த்தியம் இந்தச் செயப்பாட்டு வினைக்கே உரியது. (சர்க்கார் கடிதங்களுக்கு அந்த வினையின்மீது இன்றளவும் பிரியம் குறையவில்லை.) 1955-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் அந்தத் தண்டனையை நீக்கி, ஆயுள் சிறை என்று மாற்றியது, 1956 ஜனவரி முதல் தேதி அது அமலுக்கு வந்தது.

ஆகையால், சென்னையிலிருந்து கப்பலேறி, நாட்கணக்கில் தலைசுற்றலோடு வந்து இறங்கும் உங்கள் மைத்துனரைக் குறித்து எழுதும்போது 'டிராவல்' போதும். அதே கப்பலில் வரும் வெங்காய மூட்டைக்கு 'டிரான்ஸ்போர்ட்' தாராளமாகப் பொருந்தும்.