தோத்தவன் ஜாதகத்தைப் பாரு தம்பி

நாப்பத்திரண்டு ஜெயிப்பு, அதுல நாப்பத்தொண்ணு நாக்அவுட்டுன்னு நேத்து மாடியில நீ போட்ட சத்தம் வல்லக்கோட்டை முருகனுக்கே கேட்டிருக்கும். வைல்டர்தான் பெரிய ஆளு, உசிக் 2025 வரைக்கும் மொத்தமே 24 சண்டைதான் போட்டிருக்கான், அவன்லாம் இன்னாத்துக்கு ஆவான்னு ரூம் பசங்க நாலு பேரு வாயையும் அடைச்சிட்ட. எண்ணிக்கை சரிதான் தம்பி. 2020 பிப்ரவரியில டைசன் ஃப்யூரி அடிச்சு உக்கார வெக்கிற வரைக்கும் வைல்டருக்கு அந்த நாப்பத்திரண்டு ஜெயிப்பு, தோல்வியே கெடயாது, நடுவுல ஒரு டிராதான். நான் கேக்குறது வேற. அந்த நாப்பத்திரண்டுல தோத்தவங்க நாலு பேரு பேரு சொல்லு பாப்போம்.

முழிக்கிறியே. நீ இன்கமிங்ல வேல பாக்குற புள்ள. சப்ளையர் வண்டி வந்து நின்னா, டிரைவர் குடுக்குற டிசியில நானூறுன்னு இருக்குது, பெட்டியும் சரியா இருக்குதுன்னு கையெழுத்துப் போட்டு உள்ள வுட்டுடுவியா? சாம்பிள் எடுக்குற, கேஜ உள்ள வுட்டுப் பாக்குற, நுழையாததுக்கு செவப்பு டேக் கட்டி ஓரமா வெக்கிற. டிப்ளமா படிச்சது அதுக்குத்தான? பாக்ஸர்னு வந்தா மட்டும் பெட்டிய எண்ணுனா போதும் உனக்கு.

சரி, நானே எடுத்து வெக்கிறேன். வைல்டர் பீஜிங் ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கிக்கினு வந்து 2008 நவம்பர்ல தொழில்ல எறங்குனான். 2014 முடியிறதுக்குள்ள 32 சண்டை. முப்பத்திரண்டு பேர்ல ஒருத்தன் கூட அஞ்சாவது ரவுண்டு மணியக் கேக்கல. ஒலிம்பிக் மெடல் வாங்குனவன் முன்னாடி ஆறு வருசமா எவனுமே கால் மணி நேரம் நிக்கலன்னா, அடிச்சவன் கை பெருசா, இல்ல ஆளப் புடிச்சாந்தவன் மூளை பெருசான்னு நமக்கு ஒரு சந்தேகம் வரணுமா வேணாமா? முப்பத்து மூணாவதா வந்தவன் ஸ்டிவெர்ன். 2015 ஜனவரியில பன்னண்டு ரவுண்டும் நின்னான். பட்டம் கைக்கு வந்தது அன்னிக்குத்தான், நாக்அவுட் இல்லாத அந்த ஒரே ஜெயிப்பும் அதுதான். அப்பால லூயிஸ் ஓர்டிஸ ரெண்டு தபா அடிச்சான் பாரு, அது நெசமான சரக்கு. அத நான் ஒதுக்க மாட்டேன்.

ஆளப் புடிச்சாறதுக்குன்னே அங்க தனியா தரகன் இருக்குறான், மேட்ச்மேக்கர்னு பேரு. வளர வேண்டிய பையனுக்கு எவன நிறுத்துனா பையன் தோக்காம, பாக்குற சனத்துக்கும் ரவ சந்தேகம் வராம இருக்கும்னு கணக்கு போடுறதுதான் அவன் பொழப்பு. நிக்கிறவனும் தொழில் தெரிஞ்சவன்தான். இங்கிலாந்துல பீட்டர் பக்லின்னு ஒருத்தன், ஹெவிவெயிட் இல்ல, லேசான எடைக்காரன். 300 சண்டை போட்டு 256 தோத்தான். சிரிக்காத. ஒழுங்கா அடி வாங்காம, எதிராளிப் பையனுக்கு நாலு பாடம் சொல்லிக் குடுத்து, கூலிய வாங்கிக்கினு ஊட்டுக்குப் போவுறது லேசுன்னு நெனச்சியா? 2008ல கடைசி சண்டைய ஜெயிச்சுட்டுத்தான் ஒதுங்குனான். எனக்கு அந்த ஆளப் புடிக்கும். ஆனா அவன ஜெயிச்சேன்னு எவனாவது மார் தட்டிக்கினு வந்தா, உக்காருப்பா, டீ சாப்புடுன்னுதான் சொல்லுவேன்.

அந்தக் காலத்துல நம்ம வடசென்னை ரோசச் சண்டையில இந்தத் தரகு செல்லாது. சார்பட்டாவும் இடியப்ப நாயக்கர் பரம்பரையும் மோதுனா, நிக்கிறவன் பின்னாடி ஒரு ஏரியாவே நிக்கும். தோக்குறதுக்குன்னு ஒருத்தன நிறுத்துனா மூஞ்சிய எங்க வெச்சுக்கிறது? 2021ல ரஞ்சித் படம் வந்தப்ப உன் செட்டு பசங்கல்லாம் கையில துணியச் சுத்திக்கினு மாடியில குத்திக்கினு இருந்தீங்களே, அந்தச் சங்கதிதான்.

இப்ப உசிக்குக்கு வா. 24 சண்டைதான். ஆனா ஜோஷுவா ரெண்டு தபா, டுபுவா ரெண்டு தபா, ஃப்யூரி ரெண்டு தபா. அந்த ஃப்யூரிதான உன் வைல்டர 2020லயும் 2021லயும் படுக்க வெச்சவன்? அப்போ முடிஞ்சிது பேச்சுன்னு எதுத்த ரூம் பையன் சொன்னானாம். அவனும் உன்ன மாதிரி ஒரு அரைவேக்காடுதான். அவன மடக்க ஒரு வழி இருந்துச்சு, நீ கோட்ட வுட்டுட்ட. உசிக்கோட மோதுறதுக்கு முந்தின சண்டையில, 2023 அக்டோபர்ல, ஃப்யூரி யாருகிட்ட கீழ வுழுந்தான்? ங்கானு. அது வரைக்கும் தொழில்ல ஒரு பாக்ஸிங் சண்டை கூட போடாத கூண்டுச்சண்டைக்காரன். வைல்டர அடிச்ச ஃப்யூரியும் உசிக் கைல மாட்டுன ஃப்யூரியும் ஒரே ஃப்யூரியான்னு நீ கேட்டிருந்தா நானே கீழேருந்து கை தட்டியிருப்பேன். உசிக் பதினஞ்சு கிலோவுக்கு மேல பெரிய ஆளக் குத்தி ஜெயிச்சான், அத வேணா அந்தப் பையன் பதிலுக்கு சொல்லியிருப்பான்.

அவன அடிச்சவன இவன் அடிச்சான், அதனால இவன் பெரியாளுன்னு ஏணி போட்டு ஏறுறீங்களே, அதுல ஒரு வேடிக்கை சொல்றேன். 1981 டிசம்பர்ல ட்ரெவர் பெர்பிக்ன்றவன் முகமது அலிய ஜெயிச்சான். 1986 நவம்பர்ல அதே பெர்பிக்க மைக் டைசன் ரெண்டே ரவுண்டுல சாச்சான். உன் ஏணிப்படி ஏறுனா அலிய விட பெர்பிக் ஒசத்தி, பெர்பிக்க விட டைசன் ஒசத்தி. எங்க, இத சத்தமா ஒரு தபா சொல்லு. நாக்கு வரலல்ல?

அலிய நான் பாத்திருக்கேன்டா. 1980 ஆரம்பத்துல மெட்ராசுக்கு வந்தான். அப்ப எம்.ஜி.ஆர். முதலமைச்சர். நேரு ஸ்டேடியத்துல காட்சிச் சண்டை, எதுக்க நின்னவன் ஜிம்மி எல்லிஸ். அன்னிக்கு சத்தம் போட்ட சனத்துல முக்கால்வாசிக்கு எல்லிஸ் யாருன்னு தெரியாது, எனக்கும் தெரியாது. அலிகிட்ட அடி வாங்க யாரோ ஒருத்தன கூட்டியாந்திருக்காங்கன்னு நெனச்சோம். அப்பால பாத்தா அவனும் ஒரு காலத்துல உலகப் பட்டம் வெச்சிருந்தவன். 1968லேருந்து ரெண்டு வருசம். அலியோட ஊர்க்காரன், சின்ன வயசுலேருந்தே சேக்காளி. 1971ல நெசச் சண்டையிலயே அலிகிட்ட பன்னண்டாவது ரவுண்டுல தோத்தவன். மெட்ராசுக்கு வந்தப்ப அவன் தொழில வுட்டு அஞ்சு வருசம் ஆவுது. அதே ஆளு, அதே ரெண்டு கை. 1971ல அவன ஜெயிச்சது கணக்குல வரும், 1980ல குத்துனது ஷோ. அதே பயணத்துல டில்லியில நம்ம கௌர் சிங்கும் அலியோட காட்சிச் சண்டையில நின்னாரு. ரெண்டு வருசம் கழிச்சு 1982 ஆசிய விளையாட்டுல ஹெவிவெயிட் தங்கம் அவருக்குத்தான். அலியோட நின்னேன்னு அவரு பெருமைப்பட்டா அது நாயம். அலி கௌர் சிங்க ஜெயிச்சான்னு எவனாவது எழுதி வெச்சா அது நாயமா?

மெட்ராசுல நான் பாத்த அலிக்கு உடம்பு பெருத்துப் போயிருந்துச்சு. கால் அசைவு இருந்துச்சு, ஆனா சினிமாவுல வர்ற மாதிரி இல்ல. அதே வருசம் அக்டோபர் 2ஆம் தேதி லாஸ் வேகாஸ்ல லாரி ஹோம்ஸ் எதுக்க நின்னான். வயசு 38. எடைய கொறச்சு, முடிக்கு மை அடிச்சு, பழைய அலியாட்டம் வந்து நின்னானாம். ஆகா, எளச்சிட்டான், பழைய அலி வந்துட்டான்னு சனம் ஏமாந்து போச்சு. எளச்சது தைராய்டு மாத்திரையில. பத்து ரவுண்டு முடிஞ்சதும் அலி பக்கத்துக்காரங்களே போதும்னு நிறுத்திட்டாங்க. ஹோம்ஸ் ஜாதகத்துல அலின்னு ஒரு பேரு ஏறிப்போச்சு. தங்கத்துல பொறிக்க வேண்டிய பேரு, ஆனா ஹோம்ஸ் கைக்கு வந்தப்ப அதுல இருந்தது பேரு மட்டுந்தான். ஹோம்ஸ் சாதாரண ஆளுன்னு சொல்ல வரல, 48 சண்டை தோக்காம நின்னவன். அவன எடை போட அந்த அக்டோபர எடுக்காத. அதான் நான் சொல்றது.

பேரு பக்கத்துல தேதியும் எழுதிக்கோன்றேன். டக்ளஸ் கத தெரியுமில்ல? 1990 பிப்ரவரி 11, டோக்கியோ. டைசன் அது வரைக்கும் 37 சண்டை, எல்லாமே ஜெயிப்பு. பஸ்டர் டக்ளஸ்ன்ற எதிராளிக்கு பந்தயத்துல 42க்கு ஒண்ணு. எதிராளி தரம் பாக்குற உன்ன மாதிரி மேதாவிங்கல்லாம் அன்னிக்கு இன்னா சொல்லியிருப்பாங்க? சோப்ளாங்கி, ரெண்டு ரவுண்டு தாங்க மாட்டான். அவன் ஆத்தா செத்து 23 நாளுதான் ஆவுது. எட்டாவது ரவுண்டுல வுழுந்தான், எழுந்தான், பத்தாவதுல டைசனப் படுக்க வெச்சான். அன்னிக்கு ராத்திரி அவன விட ஒசந்த ஹெவிவெயிட் ஒலகத்துல எவனும் இல்ல. எட்டு மாசம் போச்சு. அக்டோபர் 25, ஹோலிஃபீல்ட் எதுக்க அதே டக்ளஸ் ஆறு கிலோவுக்கு மேல ஏத்திக்கினு வந்தான். மூணாவது ரவுண்டுல படுத்துட்டான். ஹோலிஃபீல்ட் ஜாதகத்துல, ‘டைசன ஜெயிச்ச டக்ளஸ ஜெயிச்சவன்’னு போட்டுக்கலாமா? போட்டுக்கலாம், கூடவே எடை மெஷின் சீட்டையும் ஒட்டி வெச்சா சரி. ஹோலிஃபீல்ட் வேற எடத்துல நெறைய சம்பாதிச்சவன், இந்த ஒண்ணு இல்லன்னாலும் அவனுக்கு ஒண்ணும் கொறஞ்சி போவாது.

இப்படி சொன்னேன்னு உடனே கெழவனுங்கள அடிச்சவனெல்லாம் வேஸ்ட்டுன்னு கெளம்பிடாத. உன்ன எனக்குத் தெரியும், பாதி கேட்டுட்டு ஓடுற ஆளு. ராக்கி மார்சியானோ 49 சண்டை, தோல்வியே இல்லாம வெளிய வந்தவன். அவன் அடிச்ச பெரிய பேரெல்லாம் பெரியவங்கதான். ஜோ லூயிஸுக்கு அன்னிக்கு 37. அது எனக்கும் உறுத்தும். அங்க வயசு செவப்பு டேக் வாங்கிடுச்சு. வால்காட்டுக்கு 38. ஆனா 1952ல பட்டத்துக்கு நடந்த சண்டையில, மொத ரவுண்டுலயே மார்சியானோவக் கீழ தள்ளுனது அந்த 38தான். பன்னண்டு ரவுண்டு வரைக்கும் புள்ளியில முன்னாடி இருந்ததும் அவன்தான். பதிமூணாவதுல ஒரே ஒரு குத்து, கதை முடிஞ்சிது. இந்த வால்காட்ட நீ எப்படி ஒதுக்குவ? ஆர்ச்சி மூர் இன்னும் ஒரு படி மேல. அவன் 1916ல பொறந்தேன்றான், அவங்க அம்மா 1913ன்றா. பெத்தவளுக்குத் தெரியாததா? எப்படிப் பாத்தாலும் நாப்பது பக்கம் இருந்த ஆளு. 1955ல ரெண்டாவது ரவுண்டுலயே மார்சியானோவ உக்கார வெச்சிட்டுத்தான் ஒம்பதாவதுல தோத்தான். வயச மட்டும் பாத்தா மார்சியானோ மோசக்காரனாத் தெரிவான், சண்டையப் பாத்தா தெரிய மாட்டான். எதிராளி ஜெயிக்க வந்தானா, செக்க வாங்க வந்தானான்றது மொத ரெண்டு ரவுண்டுலயே தெரிஞ்சு போவும். அதுக்கு சண்டையப் பாக்கணும் தம்பி, போன்ல பேரும் நம்பரும் பாத்தா தெரியாது.

ஜோ லூயிஸயும் இதே மாதிரிதான் கேலி பண்ணாங்க. 25 தபா பட்டத்தக் காப்பாத்துனவன். 1940 டிசம்பர்லேருந்து 1941 ஜூன் வரைக்கும் ஏழு மாசத்துல ஏழு சண்டை. மாசத்துக்கு ஒரு சோப்ளாங்கியக் கூட்டியாறான்னு அமெரிக்காக்காரன் பத்திரிகையிலயே கிண்டல் பண்ணான். ஏழையும் நானும் பொறுக்கிப் பாத்தேன். மெக்காய், பர்மன், டொராசியோ, முஸ்டோ... இவங்கள நானும் ஒதுக்கிடுவேன், சண்டைக்கு வராத. ஆனா பட்டி பேர் மொத ரவுண்டுலயே லூயிஸ கயித்துக்கு வெளிய தள்ளுனவன். பேரக் கேட்டு சோப்ளாங்கின்னா, கயித்துக்கு வெளிய கெடந்தவன் யாரு? அப்புறம் ஏழாவது, பில்லி கான். லூயிஸ விட பத்து கிலோவுக்கு மேல கம்மி. கீழ எடையில கையில இருந்த பட்டத்த வுட்டுட்டு மேல வந்தவன். இந்த எடத்துல உன் கேஜுக்கு நானே சவால் வுடுறேன். எடை கம்மி. பேப்பர்ல பாத்தா ரிஜெக்ட்டுதான். நீ இன்னா டேக் கட்டுவ?

இப்பவே சொல்லாத. நாளைக்கு உனக்கு வார லீவு. நெலம் சிப்காட்டுக்குப் போனதுலேருந்து எனக்கும் எல்லா நாளும் லீவுதான், நானும் மேல வர்றேன். 1941 ஜூன் 18, லூயிஸ் - கான், யூடியூப்ல கெடக்குது. பன்னண்டாவது ரவுண்டு முடிஞ்சதும் நிறுத்து. ரூம் பசங்க அத்தன பேரும் தனித்தனியா ஒரு சீட்டுல எழுதுங்க, யாரு முன்னாடி இருக்கான், எதிராளி எப்படின்னு. அப்பால பதிமூணாவதப் போடு. கான் நிதானமா ஓட்டியிருந்தா ஒலக சாம்பியன், நாக்அவுட்டே பண்ணிப்புடலாம்னு ஆசப்பட்டு உள்ள போனான். ரவுண்டு முடிய ரெண்டு செகண்டு இருக்கும்போது எண்ணி முடிச்சாங்க. சீட்டுல எவன் ‘சோப்ளாங்கி’ன்னு எழுதி வெச்சிருக்கானோ, அவன்தான் இந்த மாசம் தண்ணி மோட்டாருக்கு கரண்ட் பில்லு கட்டணும். ஏய், உன் சீட்டு மொதல்ல என் கைக்கு வரணும், அடிச்சு எழுதுற வேலல்லாம் என்கிட்ட வெச்சுக்காத.